நக்கோ பேப்பருக்குப் பெயர் வைத்தவன்

தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் வாட்ஸப்பில் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். நக்கோ பேப்பர் இங்கே எப்படி வந்தது என்று எழுதித் தர வேண்டுமாம். அந்தப் பெயரை வைத்ததே வெங்கட் சார்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்காக எனக்குச் சால்வை போர்த்த வேண்டாம். அந்தப் பெயரை நான் வயிற்றெரிச்சலில் வைத்தேன்.

இங்கே பேசும் இந்தியில் நக்கோ என்றால் வேண்டாம். இந்த ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் அதை நீங்களே கற்றுக்கொண்டிருப்பீர்கள். நம் குழந்தைகள் பிசியோதெரபி வார்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் சொல் அது. முப்பது வருடம் நானும் கேட்டேன். குழந்தை நக்கோ என்றால் வாட்ச்மேன் விசில் அடிப்பதுபோல என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். காலை நீட்ட வேண்டும், நீட்டுவேன். நிற்க வைக்க வேண்டும், நிற்க வைப்பேன். நான் கெட்டவன் இல்லை. வேலை தெரிந்தவன். என் கைபட்டு நடந்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். "குழந்தை அழுதா பயப்படாதே. அழாம கம்முனு இருந்தா பயப்படு" என்பார். அதில் முதல் பாதியை மட்டும் நான் முப்பது வருடம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது பாதி ஞாபகம் வந்தது, நான் சொல்லப்போகும் இந்த விஷயத்தில்தான்.

நஸ்ரீன் தெரபிஸ்டாக வந்து சேர்ந்தபோது எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அவளுக்கு வயது இருபத்தாறு. பட்டான்செருவில் வீடு, அப்பா அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறி வருவாள். மல்காஜ்கிரியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். முதல் எரிச்சல் அதுதான். உட்கார்ந்திருப்பதும் நாற்காலியில் இல்லை, தரையில். குழந்தைகள் விரிப்பில் படுத்திருக்கும்போது பக்கத்தில் அவளும் படுத்துக்கொள்வாள். ஒரு குழந்தை நக்கோ என்று சொன்னால் உடனே கையை எடுத்துவிட்டு, "கைக்கு நக்கோ?" என்பாள். ஏன் வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவளுடைய வித்தை. அந்த இரண்டு சொல்லுக்குக் குழந்தைகள் கொட்டிய கதைகளை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அவள் பெரிய டாக்டரம்மாவிடம் பேசி அனுமதி வாங்கி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். குழந்தையின் கோப்பைத் திறந்தால் டாக்டர் குறிப்புக்கும் முன்னால் அதுதான் இருக்க வேண்டும். மேலே இரண்டு கட்டம். எனக்கு என்ன வேண்டும், எனக்கு என்ன வேண்டாம். குழந்தை சொல்லும் வார்த்தையிலேயே எழுத வேண்டும், நம் இங்கிலீஷில் இல்லை. அந்த இரண்டையும் எல்லோரும் படிக்கலாம். கீழே மூன்றாவது கட்டம், ஏன் என்பதற்கு. அதை எழுதியதும் தாளின் அடிப்பாகத்தை மேலே மடித்து மஞ்சள் கிளிப் போட்டுவிடுவாள். குழந்தை சரி என்று சொன்னால் ஒழிய அந்த மடிப்பை யாரும் பிரிக்கக் கூடாது.

அதற்கு அவள் வைத்த பெயர் 'மேரா பன்னா', என் பக்கம். இரண்டாவது கட்டம்தான் எல்லாக் குழந்தைக்கும் வழிந்து நிறைந்தது. ஊசி நக்கோ, காலில் மாட்டும் காலிபர் நக்கோ, பேஷண்ட் என்று கூப்பிடுவது நக்கோ. கேன்டீனில் நாலு பேர் இருக்கும்போது, "என்னம்மா, இன்னிக்கு எத்தனை நக்கோ பேப்பர் வசூல்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரீனும் சிரித்தாள், அதனால் எனக்குத் திருப்தியாக இல்லை. மறுநாளிலிருந்து ஆயாக்கள்வரை அதை நக்கோ பேப்பர் என்றே சொன்னார்கள். பெயர் வைத்தவன் அப்பன் ஆகிவிட மாட்டான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறாமைக்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எனக்குப் புளியோதரையே போதுமானதாக இருந்தது. கீர்த்தனா என்று ஒரு பெண், ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு போகாமல் இரண்டு காலும் இறுகிப்போனவள். மூன்று வயதிலிருந்து என்னிடம்தான் வந்தாள். அப்பா ரயில்வேயில் வேலை, மல்காஜ்கிரியில் என் வீட்டிலிருந்து நாலு தெரு. அம்மா அரக்கோணத்துக்காரர். ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு ஒரு டப்பா புளியோதரை வரும். நஸ்ரீன் வந்த மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு டப்பா வந்தது. நஸ்ரீனுக்கு வந்தது பெரிதாக இருந்தது. சிரிக்காதீர்கள். அன்று நான் சாப்பிடவில்லை.

கீர்த்தனா என்னிடம் இந்தியில்தான் பேசுவாள், அதுவும் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, இரண்டே சொல். நானும் அவள் அம்மாவும் அவள் தலைக்கு மேலே தமிழில் பேசிக்கொள்வோம். அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நஸ்ரீனிடமோ அவள் வாய் ஓயாது. தூரத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்கும்போது, என் வீட்டுப் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டில் தேய்க்கிற மாதிரி இருக்கும்.

அந்த வருடம் கீர்த்தனாவுக்கு ஆபரேஷன் நடந்தது. இறுகிய தசைநார்களை நீட்டிவிட்டுப் பிளாஸ்டர் போட்டார்கள். பிளாஸ்டர் எடுத்த பிறகு வருகிற வாரங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். அப்போது குழந்தை நம்மோடு சேர்ந்து உழைத்தால் கால் கிடைக்கும், உழைக்காவிட்டால் பழையபடி இறுகிவிடும், கத்தி பட்டதும் வீண். நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். வாக்கரில் பத்து அடி. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் மேடையில் பத்து அடி. ஆறு வருடத்துக்குக் கூலியாக நான் அதைத்தான் கேட்டேன், என் மனதுக்குள்.

அவளுடைய தாளில் முதல் கட்டத்தில் இருந்தது வேறு: "ஸ்கூலில் பாத்ரூமுக்கு நானே போகணும்." நஸ்ரீன் அதை வைத்துப் புதுத் திட்டம் எழுதிவிட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்து நிற்பது, ஒரு கையை விடுவது, திரும்புவது. பத்து அடியைக் காணோம்.

அன்று கோப்பு என் மேஜையில் இருந்தது. அறையில் யாரும் இல்லை. மஞ்சள் கிளிப்பை எடுத்தேன். வேலைக்காக என்று இப்போதுகூடச் சொல்லிக்கொள்ளலாம், நான் அவளுடைய தெரபிஸ்ட்தானே. ஆனால் அன்று எனக்கு வேலை ஞாபகமே இல்லை. எனக்குச் சொல்லாததை அவளிடம் என்ன சொன்னாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

வகுப்பில் ஒருநாள் ஆயா வரத் தாமதமாகி, கீர்த்தனா உடையிலேயே போய்விட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், அம்மா அழுவாள். இவ்வளவுதான் இருந்தது. கடைசி வரியில் நஸ்ரீன் குறித்திருந்தாள்: 'தண்ணீர் குடிக்கச் சம்மதித்திருக்கிறாள். அம்மாவிடம் இந்த வாரம் தானே சொல்வதாகச் சொல்கிறாள். காத்திருக்கவும்.'

நான் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் அம்மாவும் பெண்ணும் வந்தபோது, பெண் விரிப்பில் படுத்திருக்க, அம்மாவிடம் தமிழில் சொன்னேன். "ஏம்மா, ஸ்கூல்ல துணியிலயே போயிட்டாளாமே, உங்களுக்குத் தெரியாதா? தண்ணி குடிக்காம போறாளாம். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா, எழுதி வெச்சிருக்கு. இதெல்லாம் உங்ககிட்ட மறைச்சுட்டு பாத்ரூம் பாத்ரூம்னு விளையாடிக்கிட்டிருக்கு. நடக்க வைக்கிறத விட்டுட்டு இதுவாம்மா முக்கியம்?"

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்தார். "சார், புள்ள" என்றார் மெதுவாக. நான் கவனிக்காமல் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அவர் அழ ஆரம்பித்தார். எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டில் இனி நஸ்ரீன் பேச்சு எடுபடாது என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து கீர்த்தனா மாறிவிட்டாள். நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கைக்கு என்று கேட்டாலும் பதில் இல்லை. கம்பியைப் பிடிக்க மாட்டாள், எழுந்து நிற்க மாட்டாள். நாளுக்கு நாள் முழங்கால் இறுகத் தொடங்கியது. ஒரு வாரம் ஆனதும் பெரிய டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம். குழந்தைகளைக் கேட்டுக் கேட்டுச் செய்தால் இப்படித்தான் ஆகும், ஆபரேஷன் செய்த கால் வீணாகப் போகிறது, திங்கட்கிழமையோடு இந்தத் தாளை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நஸ்ரீன் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். அவளை வைத்துக்கொள்வதா என்பதையும் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

நஸ்ரீன் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஆறு வருஷமா பார்க்கிறீங்க. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று இந்தியில் கேட்டாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் என்னிடம் கேட்டது எனக்கு இனித்தது. "குழந்தைக்குச் செல்லம் கூடிப்போச்சு" என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் அந்தக் கட்டடத்தில் பேசியதில்லை.

சனிக்கிழமை கீர்த்தனாவை என்னிடம் கொடுத்தார்கள். ஜெயித்தவனைப்போலத்தான் போனேன். முழங்காலில் கை வைத்து நீட்டினேன். வலித்திருக்கும், வலிக்காமல் இருக்காது. நக்கோ வரவில்லை. அழுகை வரவில்லை. அரிசி மூட்டை மாதிரிக் கிடந்தாள். எனக்கு என் சீனியர் சொன்ன இரண்டாவது பாதி அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

கீர்த்தனா கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, ஆறு வருடத்தில் முதல்முறையாக, என்னிடம் தமிழில் பேசினாள்.

"எனக்குத் தமிழ் தெரியும் சார். அன்னிக்கும் தெரியும்."

கதவோரம் நின்ற அவள் அம்மாவைப் பார்த்தேன். "வூட்ல எல்லாம் புரிஞ்சுக்குவா சார், பதிலு மட்டும்தான் இந்தில வரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரம்மா கேட்டாங்க, புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னு. உங்க பேர நான் சொல்லல சார். ஆறு வருசமா பாத்தவரு நீங்க" என்றார். என் மேல் இருந்த மரியாதையினால் அந்த அம்மா பொய் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்குப் பலியாக நஸ்ரீன் போகவிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். என் மகள் வந்திருந்தாள். காபி வேணுமா என்று தமிழில் கேட்டேன், தெலுங்கில் வேண்டாம் என்றாள். அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. நான் தமிழ், அவள் தெலுங்கு, இருவருக்கும் எல்லாம் புரியும். மல்காஜ்கிரியில் தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் அப்படித்தான். நாற்பது வருடம் இந்த ஊரில் இருக்கிறவனுக்கு, பதில் சொல்லாத குழந்தைக்கும் தமிழ் புரியும் என்று தெரியாதா? தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது கை வரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நஸ்ரீன் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அந்தப் பெண் நினைக்கட்டும் என்று எங்கோ ஒரு மூலையில் நான் விரும்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்ததும், நஸ்ரீன் பேசுவதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். கிளிப்பை எடுத்தது, படித்தது, பெண் காதுபடத் தமிழில் பேசியது, வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டே வாயை மூடியிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்து ஒரு தடவையும் மூடி ஒரு தடவையும் கெட்டவன். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தாள் இருக்கட்டும், நஸ்ரீனும் இருக்கட்டும் என்றார். என்னைப் பற்றி எழுத்தில் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தார், அது என் கோப்பில் இருக்கிறது.

வராந்தாவில் நஸ்ரீன் என்னை நிறுத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். "என் மேல கோபம்னா என்னைத் திட்டியிருக்கலாம் சார். அது என்னுடைய ரகசியம் இல்ல, அவளுடையது. அதை ஏன் தொட்டீங்க?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம் என்று போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கீர்த்தனாவின் விரிப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. நஸ்ரீன் கோப்போடு சற்றுத் தள்ளி நின்றாள். "நஸ்ரீன் மேடம் யாருகிட்டயும் சொல்லலம்மா. நான்தான் மடிச்சு வெச்சத பிரிச்சு, உனக்குத் தெரியாம படிச்சேன். தப்பு என் மேலதான்" என்றேன். கீர்த்தனா என்னைப் பார்க்காமல் நஸ்ரீனைப் பார்த்தாள். பிறகு, "ஹவ்?" என்று அவளிடம் கேட்டாள். நிஜமாகவா என்று. நஸ்ரீன் தலையாட்டினாள்.

"சரி, இப்ப காலை நீட்டலாமா?" என்றேன்.

"நக்கோ."

எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சொல். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு அடுத்த சொல்லை நான் சொன்னேன், யாரைக் கேலி செய்தேனோ அவள் எதிரிலேயே. "கைக்கு?"

அவள் தமிழிலேயே சொன்னாள். "நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டீங்க. அம்மாகிட்டதான் பேசுவீங்க. நான் இங்கதான இருக்கேன்."

நஸ்ரீன் குனிந்து கோப்பை என் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "யார் கேட்கிறாங்களோ அவங்கதான் எழுதணும் சார்" என்றாள். கீர்த்தனாவிடம் எதை எழுத வேண்டும் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. இரண்டாவது கட்டத்தில், ஊசிக்கும் காலிபருக்கும் கீழே, என் கையெழுத்திலேயே எழுதினேன்: 'வெங்கட் சார் நக்கோ.'

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளியே போனேன். ஆறு வருடம் பார்த்த பெண் என் கையை விட்டுப் போனது அப்படித்தான். அவளுடைய கால் திரும்பக் கிடைத்ததில் எனக்குப் பங்கு கிடையாது. நஸ்ரீனும் அவளும் விட்ட நாட்களைச் சேர்த்து உழைத்தார்கள். இறுகிய முழங்கால் விடுபட நாளாயிற்று, ஆனால் விடுபட்டது. ஒருநாள் பள்ளியில் ஆயாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாளாம். நஸ்ரீன் வார்டில் அதைச் சொல்லும்போது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

உங்களில் ஒருவருக்கு என்றாவது இது வரும். நீங்கள் வருடக்கணக்கில் பார்த்த குழந்தை, நேற்று வந்தவளைப் பார்த்து முதலில் சிரிக்கும். அப்போது உங்கள் கை எதை நோக்கிப் போகிறது என்று கவனியுங்கள். பொறாமை வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அது வரும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுங்கள், சாப்பிடாமல் இருங்கள், மனைவியிடம் எரிந்து விழுங்கள். குழந்தையின் கோப்புக்குப் பக்கத்தில் மட்டும் அதோடு போகாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கீர்த்தனா கடைசி முறையாக வந்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு அனுப்பும் முன் புதுத் தாள் ஒன்று எழுதுவது வழக்கம், உங்களுக்குத் தெரியும். பழைய நக்கோக்களில் எது இன்னும் நக்கோ, எது போயிற்று என்று குழந்தையைக் கேட்டு எழுதுவார்கள். மேல் இரண்டு கட்டத்தை எல்லோரும் படிக்கலாம் என்றுதான் விதி. இந்தத் தடவை கீர்த்தனா முழுத் தாளையும் மடித்துக் கிளிப் போடச் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் அந்தக் கோப்பு மேஜையில் இருந்தது. அறையில் யாரும் இல்லை. என் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா, அடித்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள ஒரு கிளிப்பை எடுத்தால் போதும். கொஞ்ச நேரம் நின்றேன். விளக்கை அணைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்றுவரை எனக்குத் தெரியாது. நஸ்ரீனுக்குத் தெரியும்.